வாசகர் கேள்வி பதில்: மீன்குளத்துத் தண்ணீரை மாற்றத்தான் வேண்டுமா?

சிங்கப்பூரில் தரைவீடுகளில் மீன்குளம் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சுற்றிச் சுற்றி எல்லாருடைய சந்தேகமும் தண்ணீரை மாற்றுவதைப் பற்றியதுதான்.

கேள்வி: வீட்டின் பின்பக்கம் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் ஆழத்தில் சிமெண்டுக் குளம் இருக்கிறது. மேலே கூரை போட்டிருக்கிறோம். பன்னிரண்டு கோய் மீன்கள். தினமும் ஏறக்குறைய 50 கிராம் தீனி போடுகிறோம். வடிகட்டி இரவு பகலாக ஓடுகிறது, அடித்தரை வரை தெளிவாகத் தெரிகிறது. குறைகிற தண்ணீரை நிரப்பினால் போதும், மாற்றவே வேண்டாம் என்கிறார் மாமனார். வாரந்தோறும் மாற்றியாக வேண்டும் என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?
– வாசகி, சிராங்கூன் கார்டன்

பதில்: மைத்துனர் சொல்வதுதான் சரி. மாமனார் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதும் புரிகிறது. வடிகட்டி ஓடுகிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பிறகு எதற்கு மாற்றுவது? ஆனால் தெளிவான தண்ணீரில் மிதக்கும் தூசி இல்லை, அவ்வளவுதான். கரைந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது.

தீனியில் உள்ள புரதம் மீனின் உடம்பில் செரித்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. வடிகட்டியில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வடிகட்டியின் வேலை அதோடு முடிகிறது. நைட்ரேட் குளத்திலேயே தங்கிவிடும். பாசியும் செடிகளும் கொஞ்சம் உறிஞ்சும். மற்றபடி அது வெளியேற ஒரே வழி, நீங்கள் வெளியே விடும் தண்ணீர்தான்.

உங்கள் குளத்துக்கே கணக்குப் போடுவோம். 3 × 1.5 × 0.7 என்றால் 3,150 லிட்டர். தீனியில் 40 விழுக்காடு புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் வளர்ப்பில் வழக்கமாகப் பயன்படுத்தும் வாய்பாடு: தீனியின் எடை × புரத விகிதம் × 0.092. 50 × 0.4 × 0.092 என்றால் நாளுக்கு 1.84 கிராம் அம்மோனியா நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறும்போது எடை 4.43 மடங்காகும். அதாவது 8 கிராமுக்குச் சற்று மேல். 3,150 லிட்டரில் இது லிட்டருக்கு 2.6 மில்லிகிராம், வாரத்துக்கு 18.

இனி மாற்றும் அளவைப் பாருங்கள். வாரம் 10 விழுக்காடு மாற்றினால் நைட்ரேட் மெல்ல மெல்ல ஏறி 180 பக்கத்தில் நிற்கும். 20 விழுக்காடு மாற்றினால் 90. 30 விழுக்காடு என்றால் 60. மாற்றவே இல்லையென்றால் ஏறிக்கொண்டே போகும். செடியும் பாசியும் உறிஞ்சுவதைக் கழித்தால் உங்கள் சோதனைக் குப்பியில் இதைவிடக் குறைவாகவே காட்டும். ஆனாலும் போக்கு இதுதான். கோய் குளத்தில் 50க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. தீனியை 30 கிராமாகக் குறைத்து, வாரம் 20 விழுக்காடு, அதாவது 630 லிட்டர் மாற்றினால் அந்த எல்லையை ஒட்டி வந்துவிடலாம். எவ்வளவு மாற்றுவது என்பதைத் தீனியின் அளவை வைத்து முடிவு செய்யுங்கள். ‘எல்லாக் குளத்துக்கும் வாரம் பத்து விழுக்காடு’ என்று பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை.

குறைவதை நிரப்பினால் போதாதா என்றால், போதாது. வெயிலில் ஆவியாவது வெறும் தண்ணீர். கரைந்ததெல்லாம் குளத்திலேயே நிற்கும். ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பது போலத்தான். நீங்கள் ஊற்றி நிரப்பும் குழாய்த் தண்ணீரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாது உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வாரம் 630 லிட்டர் என்பது மாதத்துக்கு 2.7 கனமீட்டர். வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கனமீட்டருக்குச் சுமார் மூன்றேகால் வெள்ளி. ஆக, ஒன்பது வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 3,150 லிட்டருக்குப் பன்னிரண்டு கோய் மிக அதிகம். கோய் 60 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன். வளர்ந்த மீன் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்று கணக்கு வைத்தால் உங்கள் குளம் தாங்குவது மூன்று, நான்கு மீன்கள்தான். பெரிய குளம் வைத்திருப்பவர்களுக்குச் சிலவற்றைக் கொடுத்துவிடுங்கள். நெரிசலைத் தண்ணீர் மாற்றியே எத்தனை நாள் சமாளிக்க முடியும்?

கேள்வி: தீபாவளிக்கு முன்பு குளத்தை முழுவதும் வடித்து, சுவரைத் தேய்த்து, வடிகட்டிப் பஞ்சுகளைக் குழாயடியில் வைத்து வெள்ளையாகும் வரை அலசினோம். புதுத் தண்ணீர் நிரப்பி, ஆன்ட்டி-குளோரினும் போட்டோம். முதல் நாள் மீன்கள் நன்றாக இருந்தன. மூன்றாம் நாள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்து செத்துவிட்டன, ஏழு மிச்சம். சுத்தம் செய்தது தப்பா?
– வாசகர், சிக்லாப்

பதில்: முதலில் அந்த ஏழு மீன்களைக் காப்பாற்றுவோம். இன்றே தீனியை நிறுத்துங்கள். நல்ல உடம்புள்ள கோய் ஒரு வாரம் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். காற்று பம்ப்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் சோதியுங்கள். அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினால் அன்றே 20–25 விழுக்காடு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் கலக்கும் கண்டிஷனர் மருந்தை, குளோரினோடு அம்மோனியாவையும் கட்டிப்போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சில நாள் கழித்து நைட்ரைட் தலைகாட்டும். அப்போது ஆயிரம் லிட்டருக்கு 1 கிலோ கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே மீனின் உடம்புக்குள் நுழைவதைத் தடுக்கும். குளத்தில் செடி இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மாற்றும்போது எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறதோ அந்த அளவுக்கு மட்டும் உப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முழுக் குளத்துக்கும் கணக்குப் போட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

இனி நடந்தது என்னவென்று பார்ப்போம். நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. வடிகட்டிப் பஞ்சிலும் குளச் சுவரில் வழவழவென்று படிந்த படலத்திலும் ஒட்டி வாழ்கிறது. அதனால்தான் தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினாலும் அது குறைவதில்லை. நீங்களோ சுவரைத் தேய்த்தீர்கள், பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் அலசினீர்கள். பொதுப் பயனீட்டுக் கழகம் விநியோகிக்கும் தண்ணீரில் கிருமிகளைக் கொல்ல குளோரமின் இருக்கிறது. அது கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பார்க்காது. மீன்களோ வழக்கம்போலத் தின்று அம்மோனியாவை வெளியிட்டுக்கொண்டிருந்தன. அதை மாற்ற ஆளில்லை. மூன்றாம் நாள் தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

நம் ஊர் வெப்பமும் இதில் சேர்ந்துகொள்ளும். குளத்துத் தண்ணீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 31 பாகைக்குள் இருக்கிறது. 30 பாகையில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் ஏழெட்டு விழுக்காடு. அதே அளவு அம்மோனியா, பத்து மடங்கு நஞ்சு. குழாயிலிருந்து வரும் தண்ணீரின் பிஎச் பெரும்பாலும் 8ஐ ஒட்டியே இருக்கும். மேலும் 30 பாகையில் தண்ணீரில் அதிகபட்சமாகக் கரையும் ஆக்ஸிஜனே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். எரிந்துபோன செவுளோடு அதையும் முழுதாக இழுக்க முடியாமல்தான் மீன்கள் மேலே வந்து தவித்தன.

இனி சுத்தம் செய்யும்போது குளத்திலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் பிடித்து, பஞ்சை அதில் நாலைந்து தடவை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் கொஞ்சம் இருக்கட்டும், அது அழுக்கு மட்டும் அல்ல. இந்த வாரம் பாதிப் பஞ்சு, இரண்டு வாரம் கழித்து மீதிப் பாதி. பஞ்சு அலசும் நாளில் தண்ணீரை அதிகமாக மாற்ற வேண்டாம். பாக்டீரியா பழைய நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை வழக்கமான தீனியில் கால் பங்குக்கு மேல் போடாதீர்கள்.

கேள்வி: தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஓர் இரவு வைத்துவிட்டால் குளோரின் பறந்துவிடும் என்று ஊரில் செய்வோம். இங்கேயும் அப்படிச் செய்யலாமா? ஆன்ட்டி-குளோரின் எவ்வளவு போடுவது?
– வாசகர், அப்பர் தாம்சன்

பதில்: வெறும் குளோரின் என்றால் ஓர் இரவில் பெரும்பகுதி பறந்துவிடும். இங்கே குழாயில் வருவது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள். குழாயில் வெகுதூரம் போனாலும் வீரியம் குறையக்கூடாது என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். ஓர் இரவில் அது போகாது. மூடியில்லாத பீப்பாயில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசுதான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் பிடிபட்டால் அபராதமும் கட்ட வேண்டும்.

கடைகளில் ஆன்ட்டி-குளோரின் என்று கிடைக்கும் வெள்ளைப் படிகம் சோடியம் தையோசல்ஃபேட். புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு, ஆயிரம் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் போதும். நல்ல நிலையில் இருக்கும் படிகம் உலர்ந்து, கண்ணாடித் துண்டு போலிருக்கும். ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டதை நம்பாதீர்கள். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

படிகத்தை அப்படியே குளத்தில் வீசக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, குழாயைத் திறப்பதற்கு முன்பே, பம்ப் தண்ணீரைத் தள்ளும் இடத்தில் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் கலந்த பிறகு குழாயைத் திறக்கலாம். முதலில் தண்ணீர், பிறகு மருந்து என்று தலைகீழாகச் செய்தால் குழாயடிக்கு ஆவலோடு வரும் மீன்களின் செவுள்தான் முதலில் அடிபடும். குழாயின் நுனி எப்போதும் குளத்து நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அழுத்தம் குறையும்போது குளத்துத் தண்ணீர் வீட்டுக் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம்.

தையோசல்ஃபேட் குளோரினைத்தான் செயலிழக்கச் செய்யும். கூட இருந்த அம்மோனியா தண்ணீரிலேயே நிற்கும். எடுத்துக்காட்டாக, தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குக் குளோரமின் இருந்தால், அதை உடைத்ததும் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மிஞ்சும். குளத்தில் 20 விழுக்காடு மட்டும் மாற்றினால் அது 0.08 ஆகக் கரைந்துபோகும். நல்ல வடிகட்டி அன்றைக்கே அதை முடித்துவிடும். முழுத் தண்ணீரையும் மாற்றினால் 0.4 அப்படியே நிற்கும். அடிக்கடி, அளவாக மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன்கள் கூண்டோடு சாவதற்குப் பல வீடுகளில் காரணம், குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவது. வாளி வைத்து உங்கள் குழாயின் வேகத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 600 லிட்டருக்கு 40 நிமிடம். முறுக்கிவிட்டால் தானாக மூடிக்கொள்ளும் குழாய் டைமர் வன்பொருள் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குளத்துக்குக் கூரை இல்லை. நவம்பர், டிசம்பர் மழையில் நிரம்பி வழிகிறது. மழையே தண்ணீரை மாற்றிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, செம்பவாங்

பதில்: அளவை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். 70 சென்டிமீட்டர் ஆழக் குளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏழில் ஒரு பங்கு. ஆனால் வழிந்து போவது மேல்மட்டத்தில் அப்போதுதான் விழுந்த மழைநீர்; அடியில் இருக்கும் கழிவு அசைவதே இல்லை.

இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. மிகுதித் தண்ணீர் வழிந்தோடக் குளத்துக்குள் நிறுத்தியிருக்கும் நிலைக்குழாயைச் சுற்றி, அதைவிடப் பெரிய விட்டமுள்ள பிவிசி குழாய் ஒன்றை உறை போல நிறுத்துங்கள். உறையின் மேல்நுனி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அடிநுனியில் மட்டும் நாலைந்து இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிடுங்கள். மழை நிரம்பும்போது தண்ணீர் அடியிலிருந்து உறைக்குள் ஏறித்தான் வெளியே போகும். மழையே கழிவைத் தள்ளிக்கொண்டு போகும். சிறு மீன் இருந்தால் வெட்டிய இடத்தில் வலை கட்டுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் கார்பனேட் கடினத்தன்மை. கடைகளில் கேஎச் என்பார்கள். பிஎச் திடீரென்று விழாமல் தாங்குவது அதுதான். ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றவும் பாக்டீரியா சுமார் 7 கிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. மழைநீரில் கேஎச் அநேகமாக இல்லை. பாக்டீரியா ஒரு பக்கம் தின்ன, மழை மறுபக்கம் கரைக்க, ஒருநாள் அது தீர்ந்துபோய் பிஎச் 6க்குக் கீழே சரியும். பிறகு பாக்டீரியாவின் வேலையும் முடங்கி, அம்மோனியா சத்தமில்லாமல் சேரும். அமிலத் தண்ணீரில் அது அவ்வளவாகக் கடிக்காததால் மீன்கள் நன்றாக இருப்பதாகவே தெரியும். அந்த நேரத்தில் யாராவது நல்லது செய்வதாக நினைத்து, பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதிக் குளத்துக்கு ஊற்றினால், சேர்ந்திருந்த அம்மோனியாவில் நச்சு வடிவின் பங்கு பல மடங்கு ஏறிவிடும். நெடுநாள் கவனிக்காத குளத்தில் தண்ணீர் மாற்றியதும் மீன் சாவதற்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்ட குளத்தில் நாளுக்கு 5 விழுக்காடு என்று தொடங்கி, அம்மோனியா இறங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கேஎச் பாருங்கள். 4க்குக் கீழே போனால் சமையல் சோடா போதும். ஆயிரம் லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஒரு அலகு ஏறும். கரைத்து ஊற்றுங்கள், நாளுக்கு ஒரு அலகுக்கு மேல் ஏற்றாதீர்கள். அம்மோனியா இருக்கும்போது சோடா போடவே கூடாது. முதலில் அது இறங்கட்டும். வடிகட்டியில் ஒரு பை நொறுக்கிய சிப்பியோ பவளத் துண்டோ வைத்தால் அது மெல்லக் கரைந்து கைகொடுக்கும்.

கேள்வி: அல்லிச் செடி வைத்த 100 லிட்டர் தொட்டியில் பத்து கப்பி மீன்கள். இதற்கும் வாராவாரம் மாற்ற வேண்டுமா?
– வாசகர், காத்தோங்

பதில்: தேவையில்லை. ஒரு சிட்டிகைத் தீனிக்கு வரும் நைட்ரேட்டை அல்லியே எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடியில் சேர்ந்த சேற்றோடு ஒரு வாளி எடுத்துவிட்டு, மருந்து கலந்த ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கப்பிகள் வேகமாகப் பெருகும். நாற்பது, ஐம்பது ஆனபின் கணக்கு மாறிவிடும்.

கேள்வி: குளம் பச்சையாகிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றியும் நாலு நாளில் மறுபடி பச்சை.
– வாசகி, புக்கிட் தீமா

பதில்: வெயிலும் நைட்ரேட்டும் இருக்கும்வரை அந்தப் பாசி வந்துகொண்டேதான் இருக்கும். பாதிக் குளத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். பம்ப்பிலிருந்து வரும் குழாயில் யூவி விளக்கு பொருத்துங்கள். தண்ணீர் வடிகட்டி வழியாகப் போகும் பாதையில் கங்கோங் கீரை வையுங்கள். வேர் தண்ணீரில் தொங்கினால் போதும், நன்றாக வளரும். வாரம் ஒருமுறை அறுத்து எடுத்தால் அதோடு நைட்ரஜனும் வெளியே போகும். பச்சைக் குளத்தில் பிற்பகலில் பிஎச் 9க்கு மேல் ஏறலாம். விடியற்காலையில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே இரவில் காற்று பம்ப்பை நிறுத்தாதீர்கள். பிஎச்சைக் காலையில் ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு வேளை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

கேள்வி: வெளியே எடுக்கும் தண்ணீரை வீட்டுக்கு முன்னால் ஓடும் வடிகாலில் விடலாமா?
– வாசகர், சிலேத்தார்

பதில்: வேண்டாம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் விழுவது பெரும்பாலும் ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்துக்கே போய்ச் சேரும். மீன்குளத்துத் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம். வாழை, பப்பாளி, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் ஊற்றலாம். உப்போ மருந்தோ கலந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல், குளியலறைத் தரையில் உள்ள கழிவுநீர்த் துவாரத்தில் விடுங்கள். பஞ்சு அலசிய சேற்றையும் முதலில் வலையில் வடிகட்டி, மண்ணில் புதைத்துவிட்டு, மீதித் தண்ணீரை மட்டும் அங்கே ஊற்றினால் குழாய் அடைக்காது. தண்ணீரோடு மீன்குஞ்சுகள் போகாமல் வாளியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ மீன்களை விடுவது சட்டப்படி குற்றம்.